கருநாக்கும் டிரைவர் அண்ணனின் குமட்டலும்

வெள்ளிமலையில் பஸ் திரும்புவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்கும். அப்படி நின்ற ஒரு மத்தியானத்தில், டிரைவர் இருக்கைக்கு மேலே மாட்டியிருக்கும் நீளக் கண்ணாடியில்தான் என் நாக்கை நான் முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தேன். வெயில் பக்கவாட்டுச் சன்னல் வழியாக வந்து நேராக வாய்க்குள் விழுந்தது. நாக்கை நீட்டி, நுனியை விரலால் பிடித்து வலப்பக்கம் இழுத்தேன். இடது ஓரத்தில், கடைவாய்ப் பல் உரசும் இடத்தில், ஆட்டு ஈரலில் ஒரு துண்டு அறுத்து ஒட்டவைத்தது போல ஒன்று உட்கார்ந்திருந்தது. கருநீல நிறம். மேலே ஈரப் பளபளப்பு. யாரோ பாதி மென்று துப்பிய நாவற்பழம் மாதிரி மேடும் பள்ளமும். அன்று சாப்பாட்டுக் கடையில் ஈரல் வறுவல் சாப்பிட்டுவிட்டுத்தான் மலை ஏறியிருந்தேன். அதற்கப்புறம் இன்றுவரை ஈரலைத் தொட்டதில்லை. இலையில் வைத்தால் என் வாயில் இருந்து எடுத்து வைத்ததாகவே தோன்றுகிறது.

அதே கண்ணாடியில் இன்னும் ஒரு ஜோடிக் கண்கள் இருந்தன. டிரைவர் தன் இருக்கையில் உட்கார்ந்து அப்போதுதான் தூக்குவாளியைத் திறந்திருந்தார். தயிர்சோறு. முதல் கவளத்தை எடுத்தவர் தற்செயலாக நிமிர்ந்திருக்கிறார். கவளம் மறுபடி வாளிக்குள் போனது. மூடியை அழுத்திச் சாத்தினார். "கருமம்," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போய்க் குழாயடியில் முகம் கழுவினார். அந்தச் சோற்றை அன்று ஒரு நாய் தின்றது. நாய்க்கு என் நாக்கைப் பற்றி எதுவும் தெரியாது.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கள்ளக்குறிச்சியில் புறப்பட்டு, கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலையில் திரும்புகிற தனியார் பஸ் எங்களுடையது. அவர் டிரைவர், நான் கண்டக்டர். குடியிருந்தது இருவரும் கச்சிராயபாளையத்தில். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், அதனால் அண்ணன். மலைப்பாதையில் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவார் என்று பெயர். அது புகழ்ச்சி. உண்மையில் மூக்கை மூடிக்கொண்டுதான் ஓட்டினார். உலகத்தில் மனிதர்களுக்கு வரும் அருவருப்பு மொத்தத்தையும் அவர் ஒருவரே குத்தகைக்கு எடுத்திருந்தார். டீக்கடைக் கண்ணாடி டம்ளரில் குடிக்க மாட்டார், சொந்த டம்ளர் உண்டு. ஸ்டியரிங்கைத் தினமும் துணியால் துடைத்துவிட்டுத்தான் தொடுவார், வேறு யாரும் தொட்டிருக்கவே வழியில்லை என்றாலும். கடைசி சீட்டில் ஒருவர் தொண்டையைக் காறினால் முன்னால் இவருடைய தோள் காது வரைக்கும் ஏறும்.

இப்படிப்பட்ட மனிதரிடம் என் போன்ற ஒருவனைக் கண்டக்டராகச் சேர்த்துவிட்டது முதலாளி செய்த வேடிக்கை. நான் கட்டைவிரலை நாக்கில் தடவித்தான் டிக்கெட் கிழிப்பேன். அவர் பொறுக்க முடியாமல் ஒரு நாள், பாங்கில் நோட்டு எண்ணுகிறவர்கள் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி ஈர ஸ்பாஞ்சு டப்பா ஒன்று வாங்கிக் கொடுத்தார். அதைப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் கண்ணாடியில் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே, முன்பைவிட நீளமாக நாக்கை நீட்டி, ஐஸ் நக்குவது போல விரலை நக்கினேன். வண்டி லேசாகத் துடிக்கும். பயணிகள் கியர் மாற்றுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மலை வண்டி என்றால் வாந்தி. மலைக்காரர்கள் எடுத்து நான் பார்த்ததில்லை. அவர்கள் பலாப்பழத்தையும் கடுக்காய் மூட்டையையும் காலுக்கடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். மேலே சுற்றிப்பார்க்க வருகிற எங்கள் கீழ்நாட்டு ஆட்கள்தான் வயிறு முட்டப் பூரி தின்றுவிட்டு ஏறி, வளைவுக்கு வளைவு அதைத் திருப்பித் தருவார்கள். எச்சில் விழுங்கும் சத்தத்தை வைத்தே அடுத்து யார் என்று டிரைவர் சொல்லிவிடுவார். வண்டியை ஓரங்கட்டி, தான் முதலில் இறங்கி, முதுகைத் திருப்பிக்கொண்டு பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்பார். மண் அள்ளிப் போடுவது என் வேலை. பழுத்து வெடித்த பலா, புளித்த பூரி, நனைந்த ஆட்டுக்குட்டி, சூடான டீசல் எல்லாம் சேர்ந்த அந்த வாடையை நினைத்தால் இதை எழுதும்போதே எனக்கு நாக்கடியில் நீர் ஊறுகிறது. எனக்கே இப்படியென்றால் அவர் எப்படி ஓட்டினாரோ.

என் நாக்கில் இருந்த அந்தக் கறுப்பு புதிதாக வந்தது இல்லை. பிறக்கும்போதே மிளகளவு இருந்ததாம். களமருதூரில், நான் பிறந்த ஊரில், அதற்கு ஒரே விளக்கம்தான். கருநாக்கு. இவன் எது சொன்னாலும் பலிக்கும், இவன் வாயில் விழாதே என்று பெரியவர்களே ஒதுங்கிப் போவார்கள். கடவுள் இப்படி ஒரு வசதியைக் கொடுத்த பிறகு சும்மா இருக்க நான் என்ன முட்டாளா? பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியாரைப் பார்த்து, "சார், உடம்பு சரியில்லையா, ஒரு மாதிரியா இருக்கீங்க" என்று அக்கறையாகக் கேட்டேன். அவர் மறுநாள் வரவில்லை. அதோடு என் செல்வாக்கு உறுதியானது. பஸ்ஸில் ஏறிய பிறகு இன்னும் வசதி. "அடுத்த வளைவுல ஒரு ஆளு எடுக்கும் பாருண்ணா" என்பேன். எடுக்கும். மலைப்பாதையில் அதைச் சொல்லக் கருநாக்கு வேண்டாம், மூக்கு இருந்தால் போதும். ஆனால் டிரைவர் முழுசாக நம்பினார். இறக்கத்தில் நான் பிரேக் என்ற சொல்லை வாயில் எடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டிருந்தார்.

அவரைச் சமாதானப்படுத்தத் துப்புகிறவர்களுக்கு ஒரு சாபமும் தயார் செய்து வைத்திருந்தேன். வண்டி கிளம்பியதும் விசிலை எடுத்துவிட்டு, "பஸ்ஸாண்ட துப்பறவன் நாக்கு அழுவிப் பூடும், சொல்லிட்டேன்" என்று கத்துவேன். என் நாக்கின் வரலாறு தெரிந்தவர்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அடுத்த நிறுத்தத்தில் நான் இறங்கிப் பின் சக்கரத்தின் ஓரமாக வெற்றிலையும் புகையிலையும் கலந்த சாற்றை ஒரு வாய் நிறையத் துப்பிவிட்டு வருவேன். சாபத்தில் கண்டக்டருக்கு விலக்கு என்று நான் சொல்லவில்லையே என்பது கண்ணாடிக்கு முன் நாக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற அன்றுதான் உறைத்தது.

அது எப்போது மிளகிலிருந்து திராட்சை அளவு வளர்ந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. தெரியாமல் போனதற்குக் காரணம் நாவற்பழம். அந்தக் காலத்தில் மலையில் வண்டி நிற்கும் இடமெல்லாம் கூடை கூடையாக வரும். ஏறுகிற ஆள், இறங்குகிற ஆள், எல்லார் நாக்கும் ஊதா. நானும் சட்டைப்பை நிறைய வாங்கிக் கொட்டைகளைச் சன்னல் வழியாக ஊதிக்கொண்டே வருவேன். ஆக, காலையில் பல் விளக்கும்போது நாக்கின் ஓரம் கறுப்பாகத் தெரிந்தால் அது பழக் கறை. வேறென்ன. நாக்கு வழிக்கும் தகட்டை எடுத்து, உப்பு வைத்து, பித்தளைப் பாத்திரம் துலக்குவது போல வழித்தேன். ரத்தம் வந்தது. ஈறு சரியில்லை என்று சொல்லிக்கொண்டேன். மறுநாளும் வழித்தேன். சோற்றுக் கவளத்தில் சிவப்பு தெரிந்தது. வண்டி குழியில் இறங்கும்போது பல் அதன் மேல் பட்டு வாயெல்லாம் இரும்புத் துரு சுவை. ஒரு நாள் ஓர் அம்மாள் நான் கொடுத்த டிக்கெட்டை ஓரமாகப் பிடித்துத் திருப்பிக் காட்டினாள். அதில் என் கட்டைவிரல் ரேகை சிவப்பாக, அழகாகப் பதிந்திருந்தது. அவள் அதை வாங்கவில்லை. டிக்கெட் இல்லாமலே வந்தாள், நானும் கேட்கவில்லை.

பேச்சும் குழறியது. கச்சிராயபாளையம் என்று முழுசாகக் கூவ நாக்கு நாலு இடத்தில் திரும்ப வேண்டும். எனக்குப் பாதியில் பஞ்சரானது. காலையிலேயே போட்டுவிட்டு வருகிறான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அதுகூடப் பரவாயில்லை, கௌரவமான காரணம்.

கண்ணாடியில் பார்த்த பிறகு வந்த பயத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நானே இப்போது சிரிக்கிறேன். புகையிலை போடுகிறவன் வாயில் கட்டி என்றால் என்ன என்று தெரியாதவர் யார்? அன்று மாலையே நோய்க்குப் பெயர் வைத்து, சாவுக்குத் தேதி வைத்து, கண்ணீர் அஞ்சலிப் பலகைக்குப் படமும் தேர்ந்தெடுத்துவிட்டேன். பஸ் படிக்கட்டில் விசிலோடு நிற்கும் படம். பிறகு, விசில் வாயில் இருப்பதால் ஜனங்கள் வாயைப் பற்றிப் பேசுவார்களே என்று மாற்றினேன். போகிற இடமெல்லாம் கண்ணாடி தேடினேன். முடிவெட்டும் கடையில் போய் நாக்கை நீட்ட, கடைக்காரர் அடுத்த ஆளுக்குப் போர்த்தியிருந்த துண்டை நகர்த்தி வைத்தார். ராத்திரிச் சோற்றுக்கு என் தட்டை நானே தனியாகக் கழுவ ஆரம்பித்தேன். என் வாய் எனக்கே அசிங்கமாக இருந்தது. எச்சிலை விழுங்க மனமில்லை, துப்பவும் பயம், சாபம் இரட்டித்துவிடுமோ என்று. மனைவி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிப் பின்னாலேயே நடந்தாள். ஆடி முடியட்டும் என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே ஒருவர் அதன் பெயரைச் சொல்லிவிடுவார். எனக்கு அந்தப் பெயர் ஏற்கனவே தெரியும் என்பதால் கேட்கப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் வழியில் ஓர் ஊரில் பல் பிடுங்குகிற ஆள் ஒருவர் இருப்பதாக யாரோ சொன்னார்கள். படித்தவர் இல்லை, பலகை இல்லை, ஆனால் கைராசி. வண்டி மராமத்துக்கு நின்ற ஒரு நாள் அவரிடம் போனேன். தனியாகப் போகத் தைரியம் இல்லாததால் டிரைவரை வற்புறுத்தி இழுத்துக்கொண்டு போனேன். அந்த ஆள் என் நாக்கை எட்டி நின்றே பார்த்துவிட்டு, இது தொங்கு சதை, நூல் போட்டு இறுக்கி அடியில் பிளேடால் ஒரு கீறு, ரெண்டு நிமிஷ வேலை, நாளைக்குச் சோறு தின்னலாம் என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தில் அவரைக் கும்பிட்டேன். என் மரணத்தை ரெண்டு நிமிஷ வேலை என்று சொன்ன முதல் மனிதர்.

சவரக் கடையில் கழித்துவிட்ட நாற்காலி அது. கைப்பிடியில் பிசுபிசுப்பு. காலடியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அதில் முந்தைய ஆட்களின் எச்சிலும் ரத்தமும் ஒரு விரல் ஆழத்துக்குத் தேங்கி, மேலே நூல் நூலாக மிதந்தது. பக்கத்துப் பலகையில் ஒரு பாட்டில் நிறையப் பிடுங்கிய பற்கள், வேரோடு, மஞ்சளாக. ஈக்கள் அதன் மேல் உட்கார்ந்து எழுந்தன. அவர் வெறும் கையால், ஏற்கனவே ஈரமாக இருந்த துண்டைச் சுற்றி என் நாக்கைப் பிடித்து இழுத்தார். துண்டில் இன்னொருவர் வாயின் வாடை. கண்ணை மூடிக்கொண்டேன். கதவோரம் நின்ற டிரைவர் கைக்குட்டையால் மூக்கை மூடியிருந்தார். பூக் கட்டுகிற நூல்கண்டை எடுத்தார் அந்த ஆள். நூல்முனை பிரிந்திருந்தது. அதை ஒட்டவைக்கத் தன் வாயில் வைத்து, உதட்டால் சப்பி, முறுக்கி, அப்படியே என் நாக்குக்குக் கொண்டு வந்தார்.

டிரைவர் வாந்தி எடுத்தார். ஒழுங்காகக் குனிந்து ஒதுங்கி எடுக்கிற வாந்தி இல்லை. ஆயுளுக்கும் மலையில் அடக்கி வைத்திருந்தது மொத்தமும் ஒரே பாய்ச்சலில் அந்த ஆளுடைய கத்தி, கத்தரி, பஞ்சு, பிளேடு எல்லாவற்றின் மேலும் விழுந்தது. அந்த ஆள் என் நாக்கை விட்டுவிட்டு அவரை அடிக்கப் பாய்ந்தார். டிரைவர் ஒரு கையால் வாயைத் துடைத்துக்கொண்டு மறுகையால் என் சட்டைக் காலரைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்தார்.

"ரெண்டு நிமிசத்துல முடிஞ்சிருக்கும்ணா. கெடுத்துட்ட," என்றேன்.

"எச்ச நூலை எடுத்து வாயில வெக்கறான். நீயும் ஆன்னு காட்டிகினு கீற. மனுசனா நீ?"

அவருக்குக் கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. குமட்டலால் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். என்னைச் சகித்துக்கொண்டதற்கே அவருக்குக் கோயில் கட்டலாம், பாசத்தை வேறு சேர்க்க வேண்டாம்.

சுத்தமான இடமாக இருந்தால் தானே கூட வருவதாகச் சொல்லி மறுநாள் கள்ளக்குறிச்சிக்கு அழைத்துப் போனார். மாடியில் இருந்த பல் ஆஸ்பத்திரி. படித்த டாக்டரம்மா, சின்ன வயசு. உள்ளே நுழைந்ததும் டிரைவர் மூச்சை இழுத்துப் பார்த்தார், மருந்து வாசனை. டாக்டரம்மா புது உறையைப் பிரித்துக் கையுறை போட்டதைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த நிம்மதியை அவர் கல்யாணப் படத்தில்கூட நான் பார்த்ததில்லை.

எப்போதிலிருந்து இருக்கிறது, வலிக்கிறதா, குனிந்தால் பெரிதாகிறதா என்று டாக்டரம்மா கேட்டார். நான் கருநாக்கின் மகிமையை விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. விரலால் அழுத்திப் பார்த்தார், கழுத்தின் இரு பக்கமும் தடவிப் பார்த்தார். தலையைக் கவிழ்த்து முழங்காலுக்கிடையில் வைக்கச் சொன்னார். அப்படி வைத்ததும் அது வாய்க்குள் ஊதுவதை நானே உணர்ந்தேன், தவளை தொண்டையை உப்புவது போல. பிறகு சதுரக் கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்து அதன் மேல் வைத்து மெதுவாக அழுத்தினார். டிரைவரைப் பக்கத்தில் வந்து பார்க்கச் சொன்னார். அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்துகொண்டு வந்தார். நான் கையில் பிடித்திருந்த கண்ணாடியில் பார்த்தேன். கருநீலம் வெளுத்துப்போய்ச் சதை நிறம் தெரிந்தது. கண்ணாடித் துண்டை எடுத்ததும் ஓரங்களில் இருந்து கறுப்பு ஊறி ஊறி நிறைந்தது. களிமண்ணில் கால் வைத்து எடுத்தால் தண்ணீர் சுரக்குமே, அப்படி.

"கேன்சர் இல்லீங்க," என்றார் டாக்டரம்மா. "ரத்தக் குழாய்ங்க ஒண்ணாச் சுருண்டு கெடக்கு. பொறக்கும்போதே இருந்தது. உள்ள ரத்தந்தான், அதான் அழுத்துனா வடியுது. கேன்சர் புண்ணு கல்லாட்டம் இருக்கும், இப்படி வெளுக்காது."

புகையிலையை இன்றோடு விடாவிட்டால் அதுவும் ஒரு நாள் வரும் என்று சேர்த்துச் சொன்னார். நான் எதையும் காதில் வாங்கவில்லை. எழுந்து ஆடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இதற்கு முன் யாராவது ஊசியோ கத்தியோ வைத்தார்களா என்று கேட்டார். நான் குஷியாக நூல், பிளேடு, வாந்தி எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். அவர் கண்ணாடித் துண்டைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அதுல பிளேடு பட்டிருந்தா, ரத்தத்தை நிறுத்தறது எங்களுக்கே கஷ்டம்ங்க. அங்கருந்து இங்க வந்து சேந்திருக்க மாட்டீங்க." பிறகு டிரைவரிடம், "நல்ல வேளை, நீங்க காப்பாத்துனீங்க" என்றார்.

"நான் காப்பாத்தலீங்க," என்றார் டிரைவர். "எனக்கு வாந்தி வந்துச்சி."

அங்கிருந்து எழுதிக் கொடுத்து, புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நாக்கிலும் தாடைக்கடியிலும் சில்லென்று பசை தடவி ஒரு கருவியை உருட்டினார்கள். திரையில் சிவப்பும் நீலமுமாக ரத்தம் ஓடுவது தெரிந்தது. ரத்தம் வேகமாகப் பாய்கிறதா, மெதுவாக நிற்கிறதா என்று அதில் கண்டுபிடிப்பார்களாம், அதை வைத்துத்தான் வைத்தியம். பிறகு குழாய் போன்ற ஒரு மிஷினுக்குள் படுக்கவைத்து எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்த்தார்கள். என்னுடையது மெதுவான சாதி. அறுக்க வேண்டியதில்லை, ஊசியால் மருந்து ஏற்றினால் குழாய்களின் சுவர் ஒட்டிக்கொண்டு சுருங்கிவிடும், ஒரே தடவையில் முடியாது, இடைவெளி விட்டு விட்டுப் போட வேண்டும் என்றார்கள். காலில் நரம்பு சுருட்டிக்கொள்கிறதே, அதற்குப் போடுகிற மருந்துதானாம். டிரைவர் இதை எங்கள் ஊர்க் கரும்புக் கொல்லைக்குப் பாயும் தண்ணீரை உதாரணமாக வைத்து எனக்கு விளக்கினார். மடையை அடைத்துவிட்டால் வாய்க்கால் தானே காய்ந்துவிடும், அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று அவர் சொன்னது, ஊசி போட்ட பிறகு வரப்போவது அவருக்குத் தெரியாததால். நாக்கு வீங்கியது. வாயில் இடம் போதாமல் பல்லுக்கு வெளியே வந்து எட்டிப் பார்த்தது. எச்சில் நிற்காமல் வழிந்தது. கழுத்தில் துண்டு கட்டி, அது நனைந்து, இன்னொன்று கட்டி, அதுவும் நனைந்து, என் மேலேயே எனக்குப் புளித்த பால் வாடை. கட்டியின் மேல்தோல் கறுத்து, அப்புறம் சாம்பல் நிறத்தில் கிழிந்து தொங்கியது. என் சாபம் எழுத்துக்கு எழுத்து பலித்துக்கொண்டிருந்தது. ஆறிய கஞ்சி, உயரத் தலையணை, பேச்சு கூடாது. ஒரு கண்டக்டரைப் பேசாதே என்றால் எப்படி? வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர்கள் ஒன்றை அழுத்திச் சொன்னார்கள். தினமும் ஒருவர் வாய்க்குள் பார்க்க வேண்டும், வீக்கம் பின்பக்கமோ அடிப்பக்கமோ ஏறினால், விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டால், ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் வர வேண்டும்.

முதலில் மனைவிதான் பார்த்தாள். "வத்திகினு வருதுங்க," என்பாள். மறுநாளும் அதையே சொல்வாள். வாய் மூட முடியாமல் நான் கிடந்த நாளிலும், கண்ணைத் துடைத்துக்கொண்டே, வத்திகினு வருதுங்க. என்மேல் இருந்த பிரியத்தில் அவள் சொன்ன ஒரு சொல்லையும் நம்ப முடியவில்லை. அதனால் ஒரு சிலேட்டில் எழுதி டிரைவருக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் முகத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது.

அவர் தினமும் காலையில் வண்டி எடுக்கப் போகிற வழியில் வருவார். வாசலைத் தாண்ட மாட்டார். வெறும் வயிற்றோடு வருவார், அதில் தெளிவாக இருந்தார். டார்ச்சை அடித்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து எட்டிப் பார்ப்பார். ஒரு ஓக்காளம். திரும்பி நின்று மூச்சு வாங்கிக்கொண்டு அறிக்கை படிப்பார். நேத்திக்குச் சட்டியடி மாதிரி கருப்பு, இன்னிக்கு ஓரம் வெளுத்துப் பழைய சோத்து ஆடையாட்டம் கீது, நாத்தம் ஜாஸ்தி, வீக்கம் கம்மி. கேட்கக் கேட்க எனக்கே குமட்டும். ஆனால் அதில் ஒரு சொல்லும் கூடவோ குறையவோ இருக்காது. அவர் போன பிறகு தைரியமாகக் கஞ்சி குடிப்பேன்.

ஒரு நாள் அவர் டார்ச்சை அடித்தார், ஓக்காளிக்கவில்லை. மூக்கைச் சுளிக்கக்கூட இல்லை. இன்னும் கிட்ட வந்தார், வாசலைத் தாண்டி. நாக்கைத் தூக்கச் சொன்னார். எனக்குத் தூக்க வரவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு முதுகில் வியர்வை ஊறியது. கையுறை இல்லை, கைக்குட்டை இல்லை, தன் விரலை என் வாய்க்குள் விட்டு நாக்கின் அடியைத் தொட்டுப் பார்த்தார். எச்சில் அவர் மணிக்கட்டு வரை வழிந்தது. துடைக்கக்கூட இல்லை.

"அடியில தூக்கிகினு கீது," என்றார் என் மனைவியிடம். "கெளம்பும்மா. வண்டிக்குச் சொல்றேன்."

அன்றைய முதல் டிரிப்பை அவர் ஓட்டவில்லை. முதலாளியிடம் என்ன சொன்னாரோ தெரியாது. கார் பிடித்துப் புதுச்சேரி போகிற வழியெல்லாம் என்னை உட்கார்ந்தபடியே முன்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டார், எச்சில் உள்ளே போகாமல் வெளியே வடியட்டும் என்று. அது வடிந்தது முழுக்க அவர் வேட்டியில். நான் மூச்சு இழுக்கும்போது விசிலடிக்கிற சத்தம் வந்தது. இத்தனை வருடம் விசில் ஊதியவனுக்கு இப்படி ஒரு விடை கொடுப்பதா என்று யோசித்தது நினைவிருக்கிறது. பயத்திலும் எனக்கு நகைச்சுவை வருகிறது என்று பெருமைப்படாதீர்கள், அது பல் நடுங்குவது மாதிரி ஒன்று. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு வீக்கத்தை இறக்கி, பக்கத்திலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தொண்டையில் துளை போட வேண்டியிருக்கும் என்றார்கள். மூச்சு சீரானதும் திரும்பிப் பார்த்தேன். டிரைவர் வெளியே குழாயடியில் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, அதுவரை பாக்கி வைத்திருந்த வாந்தியை எடுத்தார்.

அடுத்த ஊசிகள் அளவைக் குறைத்து, இன்னும் இடைவெளி விட்டுப் போட்டார்கள். வாய்க்கால் காய்ந்தது. கட்டி தட்டையாகி, ஒரு நாள் அந்த இடத்தில் வெளிறிய தழும்பு மட்டும் இருந்தது. கருநாக்கும் போயிற்று. அதற்கப்புறம் நான் சொன்ன எதுவும் பலித்ததில்லை. புகையிலையை விட்டேன். எனக்கு இருந்த ஒரே செல்வாக்கும் போய், ஒரே கெட்ட பழக்கமும் போய், வெறும் கண்டக்டராகப் படியில் நின்றேன். இறக்கத்தில் பிரேக், பிரேக் என்று ஆசை தீரக் கத்திப் பார்த்தேன். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அந்த மாதிரிக் கட்டி சிலருக்குத் திரும்ப வரலாம் என்பதால் வருடம் ஒரு தடவை புதுச்சேரி போய்க் காட்டுகிறேன். புது டாக்டர்கள், மகன் வயசுப் பிள்ளைகள், மரியாதையான பேச்சு. பார்த்துவிட்டு, "எல்லாம் நார்மல் சார், கவலைப்படாதீங்க" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கிறவர்களை நான் நம்புவதில்லை. வெளியே வந்ததும் பழைய பயம் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வழியெல்லாம் நாக்கைப் பல்லில் உரசிப் பார்த்துக்கொண்டே வருவேன். பசிக்கும், சாப்பிட மாட்டேன்.

டிரைவர் வேலையை விட்ட பிறகு திருக்கோவிலூரில் மகள் வீட்டில் இருக்கிறார். ஊர் திரும்பும்போது நான் அங்கே இறங்கிக்கொள்வேன். போன தடவை போனபோது சாப்பாட்டு வேளை. தட்டு வைத்துவிட்டார்கள். என்னைப் பார்த்ததும் தட்டைத் தள்ளி வைத்தார். எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். மகள் டார்ச்சைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அடித்த வெளிச்சம் என் கன்னம், மூக்கு என்று அலைந்து வாய்க்குள் வந்தது. நாக்கைத் தூக்கினேன். இடப்பக்கம், அடிப்பக்கம், பின்பக்கம் எல்லாம் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெல்ல மூக்கு சுருங்கியது, உதடு கோணியது, தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது.

"ஒண்ணும் இல்ல. மூடு வாய, நாறுது."

அவர் மகளிடம் எனக்கும் ஒரு தட்டு கேட்டேன்.